மெதுவாக விழுந்த மெர்சி

பூவம்மாள் மாடிப்படிகளில் தலைதெறிக்க இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள். அவள் மகள் மெர்சி மொட்டை மாடியிலிருந்து விழுந்துகொண்டிருந்தாள். தாய்தான் முதலில் தரைக்கு வந்தாள். அண்ணாந்து பார்த்தால், மெர்சி இன்னும் இரண்டாவது மாடி ஜன்னலைக்கூடத் தாண்டவில்லை. அறுந்துவந்த பட்டத்தை எட்டிப் பிடிக்கப்போய் கைப்பிடிச் சுவருக்கு வெளியே போய்விட்டவள், காலை இட்லி வேளையில் விழ ஆரம்பித்து, தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்து போன பிறகும் விழுந்துகொண்டுதான் இருந்தாள். ஆம்பூரில் அன்று வெயில் ஜாஸ்தி. காற்றும் நின்றுபோயிருந்தது.

மெதுவாக விழுந்தாலும் விழுவது விழுவதுதான் என்று தெருவே பதறியதற்குக் காரணம் இருந்தது. ஒன்பது வயது மெர்சியின் உடம்புக்குள் நீர்க்கட்டிகள் இருந்தன. ஈரலில் இரண்டு, நுரையீரலில் ஒன்று, மண்ணீரலில் ஒன்று. நாடாப்புழுவின் குஞ்சுகள் உள்ளே தங்கி, வருடக்கணக்கில் வளர்த்த தண்ணீர்ப் பைகள். வேலூரில் ஸ்கேன் பார்த்த டாக்டர் சைரா, "ஆபரேஷன் வரைக்கும் அடி மட்டும் படக்கூடாதும்மா. ஒண்ணு ஒடைஞ்சாலும் அந்தத் தண்ணியே விஷமாயிடும், மூச்சு நின்னுடும்" என்று சொல்லியிருந்தார். "இது நாய் வயித்துப் புழு. நாயத் தொட்ட கையால சாப்பிட்டா முட்டை உள்ள போயிடும். வீட்ல நாய் இருக்கா?" என்றும் கேட்டார். இல்லை என்றாள் பூவம்மாள். அது உண்மைதான். அவள் கணவன் அந்தோணி அன்று வேலைக்குப் போயிருந்தான்.

அந்தோணிக்கு ஆடு உரிக்கும் வேலை. அவன் உரித்த தோலில் கத்திக் கீறல் இருக்காது. தோல் மண்டி நிசார் அஹமது அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் எடுத்துக்கொள்வார். அந்த நிசார் அஹமதுதான் இப்போது கிடங்கைத் திறந்துவிட்டார். வாணியம்பாடிக்குப் போகவேண்டிய, பதனிட்ட மெல்லிய தோல்களைக் கட்டவிழ்த்து மெர்சிக்கு நேர் கீழே மெத்தையாக அடுக்கினார்கள். மண்டி சூப்பர்வைசர் முனிரத்தினம் ஏணி வைத்து ஏறினான்.

"கால புடிச்சி இஸ்துடலாமா அக்கா?"

"இஸ்துப் பாரு, உன் கைய ஒடைக்கிறேன்."

"அம்மா, பசிக்குது" என்றாள் மெர்சி மேலேயிருந்து. முனிரத்தினம் ஏணியில் நின்றபடியே எலுமிச்சை சோறு ஊட்டினான்.

"இன்னா மாமா, கறி இல்லியா?"

"நீ ஒழுங்கா விழுந்து முடி. பிரியாணியே வாங்கித் தர்றேன்."

மசூதியில் மாலை அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது மெர்சி தோல்களின்மேல் வந்து படிந்தாள். ஒரு கட்டியும் உடையவில்லை. அடுத்த வாரம் அறுவை மேசையிலும் அவள் முழுதாகப் படியாமல் ஒரு விரல்கடை மேலேயே நின்றாள். டாக்டர் சைரா மேசையைக் கொஞ்சம் இறக்கச் சொல்லிவிட்டு, கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து முடித்தார். மெர்சி இப்போது மேல்விஷாரத்தில் கல்லூரிக்குப் போகிறாள். கயிறு தாண்டினால் அவள் இறங்கி வர நேரமாகும். தோழிகள் அதற்குள் டீ குடித்துவிட்டு வருவார்கள். அந்தோணி ஆடு உரிக்கும் கொட்டகைக்குப் பின்னால் ஆளுயரப் பள்ளம் ஒன்று இருக்கிறது, சுண்ணாம்பு கொட்டி, மேலே பலகை போட்டு. தெரு நாய்களுக்கு வருடம் தவறாமல் புழு மாத்திரை போடுவதும் அவன்தான். ஏன் என்று யார் கேட்டாலும், ஆபரேஷன் முடிந்த அன்று நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுவான். ஊரில் அவனுக்கு மரியாதை கூடியது அதனால்தான்.

அன்று டாக்டர் தட்டில் எடுத்துக் காட்டியவை உரித்த நுங்கு போல இருந்தன. அந்தோணி குனிந்து பார்த்தான்.

"இது எனக்குத் தெரியும் டாக்டரம்மா. ஆட்டு ஈரல்ல பாத்திருக்கேன்."

"அதே புழுதான். ஆட்டுக்குள்ள இருக்கிறத நாய் தின்னா நாய்க்கு வரும். நாய்கிட்டேயிருந்து குழந்தைக்கு. அந்த மாதிரி ஈரல விக்கிறதுண்டா?"

"ஒரு துண்டு வித்ததில்ல. மனுசன் துன்னா பாவம்."

"அப்புறம் என்ன பண்ணுவீங்க?"

அந்தோணி மகள் படுத்திருந்த அறைக் கதவைப் பார்த்தான்.

"ஸ்கூலுக்குப் போறப்ப மெர்சி கொஞ்சிட்டுப் போவுமே, கொட்டகை வாசல்ல ஒரு நாயி. அதுக்குத்தான் டாக்டரம்மா, இத்தனி வருசமா போட்டுக்கினு இருந்தேன்."