முழங்கால் உயரத்துக்கு

அந்த வீட்டுக்கு ஒரு முன்வாசல் இருந்தது, பேருக்கு. மணியடித்துக்கொண்டு அதன் வழியாக வருகிறவர்கள் பார்சல்காரரும் விருந்தாளிகளும்தான். வீட்டு மனிதர்கள் மூன்று பேரும் கராஜ் வழியாகவே வருவார்கள், போவார்கள். ரிமோட்டை அமுக்கினால் கதவு முனகிக்கொண்டே மேலே ஏறும். காரையோ சைக்கிளையோ உள்ளே விட்டுவிட்டு, சலவை இயந்திரத்தைத் தாண்டி, செருப்பை உதறிவிட்டு நேரே சமையலறைக்குள் நுழைந்துவிடலாம். முன்கதவுச் சாவி எங்கே என்று கேட்டால் மூன்று பேரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்ப்பார்கள்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் சனங்கள் ஏறி இறங்குவது அவர் தயவில்தான். மனைவி மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். மகனுக்கு வீட்டில் ஊசி என்று பேர். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாத பிள்ளை. எந்த இடுக்கிலும் புகுந்து வந்துவிடுவான். அவனிடம் அப்பாவுக்கு ஆகவே ஆகாத ஒரு பழக்கம் இருந்தது. கராஜ் கதவை மூட மாட்டான். ஆவென்று திறந்து போட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறிப் பறந்துவிடுவான். "கதவ மூடிட்டுப் போடா" என்று அப்பா தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினால் திரும்பி வருவான். வந்தாலும் மனுசப் பிள்ளை போல மூட மாட்டான். உள்ளே சுவரில் இருக்கிற பட்டனைத் தட்டிவிட்டு, கதவு இறங்க இறங்க ஓடி, அடியில் கணுக்கால் உயரத்தில் குறுக்கே பாயும் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோட்டைத் தாண்டிக் குதித்து வெளியே விழுவான். கால் அதில் பட்டால் கதவு பயந்துபோய் மறுபடி மேலே ஏறிவிடும். ஊசியின் கால் ஒரு நாளும் பட்டதில்லை.

சண்டை வந்தது வேலையால். அவர் யார் யார் காலையோ பிடித்துத் தன் கம்பெனியிலேயே மகனுக்கு ஓர் இடம் வாங்கினார். பிள்ளை கொஞ்ச நாள் போனான். அப்புறம் தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, கம்பெனிக்குப் போகாமல், ஒரு சைக்கிள் கடையில் உட்கார்ந்து சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தான். விஷயம் மேலாளர் வாயால் அப்பா காதுக்கு வந்தது. நாலு பேர் முன்னால் தலை குனிந்து நின்ற மனிதர், வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சொன்னார்:

"இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத."

"நான் எப்பப்பா வாசப்படிய மிதிச்சேன்? கராஜ் வழியாத்தானே வரேன்" என்றான் ஊசி.

கொழுப்பெடுத்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. ஆனால் அடுப்படியில் நின்ற அவன் அம்மா சிரித்துத் தொலைத்துவிட்டாள். அந்தச் சிரிப்பு வராமல் இருந்திருந்தால் அன்றைக்கு எல்லாம் அதோடு அடங்கியிருக்கும். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளும் நிறுத்தினாள், பிள்ளையும் நிறுத்தினான். பிறகு பேசியதெல்லாம் பேசக்கூடாத பேச்சு. சாயங்காலமே ஒரு பையோடு சிநேகிதன் வண்டியில் ஏறிப் போய்விட்டான். சைக்கிள் கராஜ் சுவரில் கொக்கியில் தொங்கியது.

மறுநாள் காலை அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஏணி போட்டு ஏறி, கூரையில் இருக்கும் மோட்டார் பெட்டியின் சிவப்புப் பட்டனை, விளக்கு அணைகிற வரை அமுக்கிப் பிடித்தார். அப்படிப் பிடித்தால் பெட்டி தனக்குத் தெரிந்த எல்லா ரிமோட்டையும் மறந்துவிடும். பிறகு தன்னுடையதையும் மனைவியுடையதையும் ஒவ்வொன்றாகக் காட்டி மறுபடி கற்றுக்கொடுத்தார். மூன்றாவது ரிமோட் மகன் பாக்கெட்டில் இருந்தது. அது இனி வெறும் பிளாஸ்டிக்.

"என் ரிமோட்ட எதுக்கு எடுத்தீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"சர்வீஸ்" என்றார்.

அதற்கப்புறம் அவருக்கு உள்ளே ஒன்றும் ஓடவில்லை. கோபம்கூட வற்றிவிட்டது. பல் பிடுங்குவதற்காக மரத்துப்போக வைத்த தாடை மாதிரி, தொட்டால் இருப்பது தெரிந்தது, வலி தெரியவில்லை. சாப்பிட்டார். வேலைக்குப் போனார். லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்றுகொண்டு கம்பிக்கு எண்ணெய் போட்டார். கூட வேலை பார்க்கும் தாடிக்காரர், "என்னண்ணே, பையன் எப்படி?" என்று கேட்டால், "இருக்கான்" என்பார். எங்கே, எப்படி என்று அவருக்கே தெரியாது. மகன் அம்மாவுக்கு மட்டும் அவ்வப்போது, நல்லா இருக்கேன்மா என்று ஒரு வரி அனுப்புவான். எப்படா வர்றே என்று அவள் கேட்டால், பாக்கலாம்மா என்பான். அதை அவள் சொல்வாள். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படி இருக்கையில் ஒரு விநோதம் நடந்தது. வேலை முடிந்து அவர் வரும்போது கராஜ் கதவு திறந்து கிடந்தது. ஒருநாள் இல்லை, அடிக்கடி. கதவை மூடாத பிள்ளைதான் வீட்டிலேயே இல்லையே, அப்புறம் யார்?

"மறந்துட்டேன்" என்றாள் மனைவி.

மாத்திரைப் பட்டையில் தேதி தப்பினாலே கண்டுபிடிக்கிறவள் கதவை மறந்தாளாம். அவர் கேள்வி கேட்கவில்லை. கேட்பதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே. ஒரு சென்சார் வாங்கி வந்தார். தீப்பெட்டி அளவுகூட இல்லை. கதவில் ஒட்டிவிட வேண்டும். கதவு நிமிர்ந்து நின்றால் மூடியிருக்கிறது என்றும், மேலே போய்ப் படுத்தால் திறந்திருக்கிறது என்றும் ஃபோனுக்குச் சொல்லும். கதவோ நான்கு பலகைகளைக் கீல் வைத்துக் கோத்த கதவு. குனிந்து ஒட்ட வசதியாக அடிப்பலகையில் ஒட்டினார். தன் ஃபோனில் ஒன்று, மனைவி ஃபோனில் ஒன்று என்று இரண்டிலும் செயலியைப் போட்டுக் கொடுத்தார்.

"இனிமே மறக்க முடியாது" என்றார்.

"நல்லதாப் போச்சு" என்றாள் அவள்.

அன்றிலிருந்து ஃபோன் நல்ல சேதியே சொன்னது. காலையில் அவர் கார் போகும்போது திறந்தது, மூடியது. பிறகு அவள் போகும்போது திறந்தது, மூடியது. அதோடு சரி. சாப்பாட்டு வேளையில் எடுத்துப் பார்ப்பார்: மூடியிருக்கிறது. வேலை முடிந்து கிளம்பும்போது பார்ப்பார்: மூடியிருக்கிறது. நாளெல்லாம் அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துக்கொண்டிருப்பதில் அவருக்கு ஒரு நிம்மதி. நிம்மதி என்றுதான் நினைத்துக்கொண்டார்.

ஒருநாள் வேலை நடக்க இருந்த கட்டடத்தில் மின்சாரம் இல்லை. மத்தியானமே திரும்பிவிட்டார். தெருவில் திரும்பும்போதே பார்த்தார்: கராஜ் கதவு தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கியிருந்தது. ஃபோனை எடுத்தார். மூடியிருக்கிறது என்றது.

முதலில் சென்சாரைத்தான் திட்டினார். அப்புறம் காரில் உட்கார்ந்தபடியே புரிந்துவிட்டது. அவ்வளவு கொஞ்சம் தூக்கினால் மேல்பலகைதான் வளைவில் ஏறிச் சாயும். அடிப்பலகை நிமிர்ந்தே நிற்கும். அடியில் ஒட்டிய சென்சாருக்கு அது மூடிய கதவு. பட்டனைத் தட்டி, மறுபடி தட்டி நிறுத்தினால் ஆயிற்று. எத்தனை காலமாகக் கூண்டையும் தண்டவாளத்தையும் கட்டி மேய்க்கிற மனிதர் ஒட்டிய இடத்தைப் பார்த்தீர்களா. அவள் இரண்டாம் நாளே ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்து, எதுவரைக்கும் அது வாயைத் திறக்காது என்று கண்டுபிடித்திருந்தாள். சாயங்காலம் அவருக்கு முன்னால் வந்து இறக்கியும் விடுவாள்.

அவள் வந்ததும் கேட்டார். குரலில் சூடு எதுவும் இல்லை.

"எதுக்கு இப்படி?"

அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். "அவன் ஒருநாள் வந்தான். நான் இங்கதான் மெஷின்ல துணி போட்டுட்டிருந்தேன். வெளியில ரிமோட்ட அமுக்குற சத்தம், டிக் டிக்குன்னு. கதவு அசையல. மெஷின நிறுத்திட்டுத் திறக்கறதுக்குள்ள போயிட்டான்."

"மணியடிக்க வேண்டியதுதானே."

"அவன் என்ன விருந்தாளியா?"

அவர் கண் கூரையில் இருந்த மோட்டார் பெட்டிக்குப் போனது.

"பேட்டரி போயிருக்கும்டான்னு அனுப்பினேன். புதுசு போட்டுத்தாம்மா வந்தேன்னு பதில் போட்டான்." ஒரு சட்டையை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். "அன்னைக்கு என் ரிமோட்ட எதுக்கு எடுத்தீங்கன்னு நான் மறுபடி கேக்கல. இப்பவும் கேக்கல. ஊசிக்கு அந்த இடுக்கு போதும்."

அவள் அழுதிருந்தால், ஏசியிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். துணி மடிப்பவளிடம் என்ன சொல்வது? மறக்கடிக்க ஒரு விரல் போதுமாக இருந்தது. மறுபடி கற்றுக்கொடுக்க அந்த ரிமோட்டே கையில் வேண்டும். அது அவனிடம் இருந்தது. நினைத்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஃபோன் பண்ணலாம் என்று தோன்றி, பெயரை எடுத்து, விரல் வராமல் வைத்துவிட்டார்.

மறுநாள் அவள் முந்திப் போகிற நாள். அவர்தான் கடைசியாகக் கிளம்பினார். காரை வெளியே நிறுத்தி ரிமோட்டை அமுக்கினார். கதவு இறங்கி மூடியது. மறுபடி அமுக்கினார்; ஏறத் தொடங்கியதும் நிறுத்தினார். போதுமா என்று இறங்கிப் போய்த் தன் முழங்காலை வைத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் ஏற்றினார். ஃபோன் வாயைத் திறக்கவில்லை. உள்ளே அப்போதும் மரத்துத்தான் கிடந்தது. கைதான் செய்தது. அதன்பின் கடைசியாகக் கிளம்புகிறவர் யாரோ அவர் கதவை அப்படி வைத்துவிட்டுப் போவது வீட்டு வழக்கமாகிவிட்டது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

ஒருநாள், லிஃப்ட் கூண்டின் தலைமேல் நிற்கும்போது பாக்கெட்டில் ஃபோன் அதிர்ந்தது. கராஜ் கதவு திறந்தது.

மனைவியைக் கூப்பிட்டார். "நீ வீட்டுக்குப் போனியா?"

"இல்லையே. கடையிலதான் இருக்கேன். எனக்கும் வந்துச்சு. நான் போகட்டுமா?"

"வேணாம். நாம விழுந்தடிச்சு ஓடினா கூச்சப்படுவான். சாயங்காலம் எப்பவும் போல போவோம்."

ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தார். திறந்தேதான் கிடக்கும், அவன் என்றைக்குக் கதவை மூடியிருக்கிறான் என்று நினைத்த கையோடு அது மறுபடி அதிர்ந்தது. கராஜ் கதவு மூடியது. கத்துவதற்கு ஆளில்லாமல் மூடியிருக்கிறான். அவர் உதடு அவரைக் கேட்காமலே விரிந்தது.

"என்னண்ணே?" என்றார் தாடிக்காரர்.

"பையன் வீட்டுக்கு வந்திருக்கான்" என்றார். "கதவக்கூட மூடிட்டான்."

சாயங்காலம் தெருமுனையில் மனைவியை ஏற்றிக்கொண்டார். அவள் மடியில் ஒரு பால் பாக்கெட்டும், அவனுக்குப் பிடித்த பிஸ்கட் பாக்கெட்டும் இருந்தன. கதவு தரையோடு தரையாக மூடியிருந்தது. திறந்து காரை உள்ளே விட்டதும் அவள் இறங்கி, "ஊசீ" என்று கூப்பிட்டுக்கொண்டே, செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் போனாள்.

அவர் போகவில்லை. சுவரில் கொக்கி வெறுமையாக இருந்தது. சைக்கிள் இல்லை. அதற்குக் கீழே இருந்த அவனுடைய சைக்கிள் ரிப்பேர் சாமான் பெட்டியும் இல்லை. உள்ளே வந்து, எடுத்துக்கொண்டு, பட்டனைத் தட்டிவிட்டு, அந்த ஒளிக்கோட்டைத் தாண்டிக் குதித்துப் போயிருக்கிறான். வேலை மேசையில், அப்பாவின் ஸ்பானர்களுக்குப் பக்கத்தில், அவர் கண்ணில் படட்டும் என்று நடுவாக, ரிமோட்டை வைத்திருந்தான்.

உள்ளே அவள் குரல் அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

அவர் கதவை மூடினார். ஏணியை எடுத்து ஏறினார். பெட்டியின் பட்டனை லேசாக அமுக்க, விளக்கு எரிந்தது. மகன் ரிமோட்டை அதன் முன் பிடித்து அழுத்தினார். விளக்கு மினுக்கி, கற்றுக்கொண்டேன் என்றது. அவ்வளவுதான் வேலை. அன்றைக்குச் செய்ததைவிட இது சுலபம். இறங்கிக் கீழே நின்று, சரிபார்ப்பதற்காக, அந்த ரிமோட்டை ஒரு தடவை அமுக்கினார். கதவு முனகிக்கொண்டு மேலே ஏறி, முழுசாகத் திறந்து நின்றது.

அவர் பாக்கெட்டில் ஃபோன் அதிர்ந்தது. வீட்டுக்குள் அவளுடையதும் அதிர்ந்திருக்க வேண்டும். நாற்காலி ஒன்று விழுகிற சத்தம் கேட்டது. அவள் பிஸ்கட் பாக்கெட்டோடு மூச்சிரைக்க ஓடி வந்து சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். தெருவரைக்கும் பார்த்தாள்.

"வந்துட்டானா?"

மரத்திருந்த இடத்தில் அப்போதுதான் வலி ஏறியது. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்.

"நான்தான்."