எந்த ஷெல்லைப் போடுவது?

1

இந்தக் கதை ஒரு வெட்டிச் சண்டையில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பதுளைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடங்களில் கிடக்கும் பழைய கணினிகளுக்காக நாங்கள் ஐந்து பேர் ஓர் இயங்குதளம் செய்துகொண்டிருந்தோம். யாரும் இலவசமாக எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். திரையில் வரும் எண்ணூறு வாசகங்களையும் எங்களுக்குள் பங்குபோட்டுத் தமிழாக்கினோம். எந்த ஷெல்லைப் போட்டுக் கொடுப்பது என்பதில்தான் மூன்று வாரம் அடித்துக்கொண்டோம்.

(ஷெல் என்றால், நாம் தட்டும் கட்டளையை வாங்கிக் கணினிக்குச் சொல்லும் நிரல். அவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன்.)

பழையது உறுதியானது, ஆனால் பிழையாகத் தட்டினால் ஆங்கிலத்தில் எரிந்து விழும். புதியது தமிழில் வழி சொல்லும். ஆனால் சில நேரம் தானே நின்றுவிடும். இரண்டுக்கு இரண்டு வாக்கு. மிஞ்சியவர் ஜெயமலர் டீச்சர், பதினோரு வருடமாக இங்கே படிப்பிக்கும் யாழ்ப்பாணத்துக்காரர்.

"பிள்ளையளை வச்சுப் பாத்திட்டுச் சொல்லுறன்" என்றார்.

2

முதல் தொடக்கம்: "பண்டாரவளை பஸ்ஸைவிட்டு ஜெயமலர் இறங்கியபோது மலை முழுக்கப் பனி"

வேண்டாம். பனி இல்லாமல் எங்கள் ஊர்க் கதை தொடங்காதா?

இரண்டாம் தொடக்கம்: "அவருக்கு ஒரு தம்பி இருந்தான், அவனை"

இதையும் அடித்துவிட்டேன். காரணம் பிறகு.

3

செவ்வாய் காலை, இரண்டாம் பாடம். இருபது கணினியிலும் புதிய ஷெல். தமிழில் பதில் வந்ததும் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயமலருக்கு மனம் நிறைந்துவிட்டது. வாக்கு புதியதற்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டார். அப்போது திரைகள் எல்லாம் ஒருமுறை கறுத்தன.

"டீச்சர், ஷெல் விழுந்துருச்சாம்!" என்று முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி கத்தினாள். "மறுபடியும் முயற்சி பண்ணுதாம்!"

வகுப்பே சிரித்தது. ஜெயமலர் மேசைக்கு அடியில் இருந்தார்.

எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியாது. இரண்டு கையாலும் தலையைப் பொத்தியிருந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. தரையில் இருந்தபடியே எதிர்த் திரையை வாசித்தார்: ஷெல் விழுந்தது. மீண்டும் முயல்கிறது.

வெளியே வந்து, எங்கள் குழுவில் பதிவேடு பார்க்கும் நப்ரீஸுக்குப் போன் எடுத்தார்.

"ஆர் நப்ரீஸ் இதை எழுதினது? உங்களுக்கெல்லாம் நெஞ்சில ஈரமில்லையே?"

நப்ரீஸ் தேடினான்.

"டீச்சர்... உங்கட பேர்தான் இருக்கு. போன மார்ச்ல நீங்கதான் எழுதி இருக்கீங்க."

"நானோ?"

ஷெல் என்றால் அவர் ஊரில் பீரங்கிக் குண்டு. போர்க்காலத்தில் அந்த ஷெல்லடிக்குப் பயந்து பதுங்கு குழிக்குள் வளர்ந்தவர். அந்தச் சொற்களைத் தன் விரலாலேயே தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறார்.

"எனக்கு எப்பிடி நப்ரீஸ் மறந்தது?"

4

[அந்த வாசகத்தைச் சரிபார்த்து ஒப்புக்கொண்டவர் யார் என்பதும் பதிவில் இருக்கிறது. நான்தான். பதுளையிலேயே பிறந்து வளர்ந்த நான் எழுத்துப்பிழையை மட்டும் தேடியிருக்கிறேன்.]

தம்பி வந்த தொடக்கத்தை அடித்த காரணம்: அவருக்குத் தம்பி இருந்தானா என்று எனக்குத் தெரியாது. பதினோரு வருடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. கதைக்குத் தேவைப்பட்டதும் ஒருவனைச் செய்து, உடனே சாகடிக்கவும் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

5

பழைய ஷெல் வெல்வதாக ஒரு முடிவு எழுதினேன். அதில் அந்த வாசகம் வராது, தமிழும் வராது. அதைக் கிழிக்குமுன் டீச்சரின் செய்தி வந்தது.

"புதுசையே போடுங்கோ. பிள்ளையளுக்குத் தமிழ் வேணும். அந்த வரியை மட்டும் என்னால மாத்த ஏலாது. நீங்கள் எழுதுங்கோ."

எழுதினேன்: ஷெல் நின்றது. மீண்டும் தொடங்குகிறது.

வாசித்துப் பார்த்தேன். ஐயோ, இது அதைவிட மோசம்.

நாளை காலை இரண்டாம் பாடம் அவருக்கு. எனக்கு வரவில்லை, நீங்கள் எழுதுங்கள்:

____________________

வெறுமையாக விட்டால் இருபது திரையிலும் பழைய வாசகமே வரும். நிரல் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.