முதல் பீஸின் படம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தசரதன் நடத்தும் பட்டறையில் பதினாறு பேர் வேலை செய்கிறார்கள். வண்டிகளுக்குப் போகும் புஷ் என்ற எஃகு வளையங்களைக் கடைந்து ஒரு பெரிய கம்பெனிக்கு அனுப்புவதுதான் வேலை. ஜூன் மாதம் அந்தக் கம்பெனி ஒரு புது நிபந்தனை போட்டது. மெஷினை செட் செய்யும் ஒவ்வொரு முறையும் வெளிவரும் முதல் பீஸை அளந்து, படம் பிடித்து, பதிந்து வைக்க வேண்டும். அதைச் செய்பவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும். அந்த ஆளைத் தாங்கள் நேரில் வந்து பார்த்து ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்கள்.

தசரதன் அன்று மாலையே ஓர் ஆண்ட்ராய்டு டேப்லெட் வாங்கி வந்து அக்கா மகன் இளங்கோவிடம் கொடுத்தார். இளங்கோ டிப்ளமோ படித்தவன். இரண்டு வாரம் அதில் பெரும்பாலும் கிரிக்கெட் ஓடியது. முதல் பீஸ்களின் படங்கள் பதினொன்று சேர்ந்தன. அவற்றில் நான்கில் அவனுடைய கட்டைவிரலும் இருந்தது. டெலிவரி வேனோடு வெளியே போகும் நாட்களில், "யாராச்சும் போட்டோ எடுத்து வைங்கப்பா" என்று பக்கத்திலிருந்த மேசையில் அதை வைத்துவிட்டுப் போனான்.

அது கன்னியம்மாவின் மேசை.

கன்னியம்மாவுக்கு நாற்பத்தொரு வயது. திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலில் வருகிறாள். கடைந்து வரும் புஷ்ஷின் விளிம்பில் நிற்கும் உலோகப் பிசிறை அரத்தால் எடுப்பது பன்னிரண்டு வருடமாக அவள் வேலை. பத்தாவது வரை படித்திருக்கிறாள். எந்த பீஸில் எங்கே கோளாறு என்று அவள் விரல் சொல்லிவிடும். ஆனால் பட்டறையிலிருந்து வெளியே போகும் எந்தக் காகிதத்திலும் அவள் பெயர் இருந்ததில்லை.

மூன்றாம் வாரம் அவள் தசரதனிடம் போய் நின்றாள்.

"சார், இத சனிக்கெழம ஊட்டுக்கு எடுத்துக்கினு போவட்டா? கத்துக்கினு திங்கக்கெழம வந்துர்றேன்."

"சினிமா பாக்கவா?"

"சினிமாக்கு என் போனே போதும் சார். இது இன்னான்னா பண்ணும்னு பாக்கணும்."

திங்கட்கிழமை அது வேறு பொருளாக வந்தது. முகப்புத் திரையில் இருந்த முப்பது சொச்சம் செயலிகள் போய் நான்கே நின்றன. கேமரா, டிராயிங்குகள் இருக்கும் கோப்புறை, குறிப்பேடு, கால்குலேட்டர். இடையிடையே மணியடித்த அறிவிப்புகளை எல்லாம் நிறுத்தியிருந்தாள். எண்ணெய்க் கையோடு திரையைத் திரும்பத் திரும்பத் திறக்க முடியாது என்பதால், பத்து நிமிடம் அணையாமல் இருக்கும்படி மாற்றியிருந்தாள். வேறு யார் எடுத்தாலும் திறந்திருக்கும் செயலியை விட்டு வெளியே போக முடியாதபடி பூட்டும் வழியையும் கண்டுபிடித்திருந்தாள். சிஎன்சி கடைசல் மெஷின் ஓட்டும் வேம்புலிக்கு அதில்தான் பெரிய வருத்தம்.

"யக்கா, ரெண்டு ஓவர் பாத்துட்டுக் குடுக்குறேன். இன்னா யக்கா, ஜெயிலு மாதிரி பூட்டி வச்சிகீறே?"

"உன் மெஷின்ல டூல் தேஞ்சு போச்சானு பாரு. அதான் உனுக்கு இன்னிக்கு மேட்ச்சு."

ஜூலையில் திரையை இரண்டாகப் பிரிக்கக் கற்றாள். இடது பாதியில் கம்பெனி அனுப்பிய டிராயிங், வலது பாதியில் அப்போது எடுத்த படம். இரண்டையும் ஒரே அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தால், எந்த விளிம்பு சரியாகச் சாயவில்லை என்று வேம்புலியே தள்ளி நின்று சொல்வான். அளவுகளை எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. அதனால் பேசியே பதிந்தாள். மெஷின் சத்தத்தில் டேப்லெட் ஒன்றும் புரிந்துகொள்ளாது என்று தெரிந்ததும், கம்பி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள்.

"உள்ள யாரு யக்கா? மாமா வந்துகீறாரா?" என்பான் வேம்புலி.

"ஆமா, வந்துகீறாரு. உன் ரிஜக்ட் எத்தினினு கேக்குறாரு."

முதல் பீஸ் மட்டுமல்ல, இடையில் கோளாறு கண்ட பீஸையும் படம் பிடித்து, ஒவ்வொரு படத்துக்கும் பெயர் வைத்தாள். தேதி, மெஷின், கோளாறு, என்ன செய்தபின் சரியானது என்பது எல்லாம் பெயரிலேயே இருக்கும். செப்டம்பர் முடிவதற்குள் அறுநூறு படங்களுக்கு மேல் சேர்ந்திருந்தன. எதையும் அவள் அழிக்கவில்லை. மோசமாக எடுத்தவையும் அப்படியே இருந்தன.

கம்பெனியிலிருந்து ஆள் வரும் தேதி ஆயுத பூஜை விடுமுறைக்கு அடுத்து வந்தது. பூஜைக்கு முன்தினம் தசரதன் அவளைக் கூப்பிட்டார்.

"நீயே காட்டு. அவங்க உன்ன ஒத்துக்கினா நீதான் இன்ஸ்பெக்டர், இனிமே அரம் புடிக்க வேணாம். ஒத்துக்கலன்னா பழைய டேபிள்தான். இளங்கோ பாத்துப்பான். மனசுல வச்சிக்காத."

"வச்சிக்க மாட்டேன் சார்" என்றாள். அன்று ரயிலில் அதைத் தவிர வேறெதையும் அவள் நினைக்கவில்லை.

பூஜையன்று மெஷின்கள் எல்லாம் கழுவித் துடைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் வைக்கப்பட்டன. வெர்னியர், மைக்ரோமீட்டர், வேனின் சாவி எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக இருந்தன. டேப்லெட்டும் இருந்தது. தசரதன் தன் கையாலேயே அதற்குப் பொட்டு வைத்தார். திரையில் வைத்தால் கெட்டுவிடும் என்று திருப்பிப் பிடித்தார். பின்பக்கம் மேலே, நெற்றி இருக்க வேண்டிய இடத்தில், வட்டமாக ஒன்று இருந்தது. அதில் வைத்தார். பிறகு யாரோ அதைப் பனியன் துணியால் துடைத்து எடுத்துவைத்தார்கள்.

மூன்று நாள் விடுமுறை. மூன்று நாளும் மழை.

பட்டறை திறந்த காலையில், பதினோரு மணிக்கு ஆள் வருவதாக இருந்தது. எட்டரைக்கு முதல் பீஸ் வந்தது. கன்னியம்மா அளந்தாள், எல்லா அளவும் சரி. படம் எடுத்தாள். புஷ்ஷின் உள்ளே ஓடும் வளையப் பள்ளத்தை வெறும் கண்ணால் சரியாகப் பார்க்க முடியாது, படத்தில்தான் பார்ப்பார்கள். திரையை நிறைத்த அந்தப் பள்ளம் செம்மண் நிறத்தில் இருந்தது. இரண்டாவது படமும் அப்படித்தான். மூன்றாவதும்.

தசரதன் எட்டிப் பார்த்தார்.

"துரு! மூணு நாளு கூலன்ட் தண்ணி அப்டியே நின்னு கெட்டுப்போச்சு. மெஷின நிறுத்துடா வேம்புலி! டேங்க்க காலி பண்ணு!"

"மாமா, அவங்க இப்ப கெளம்பியிருப்பாங்களே" என்றான் இளங்கோ.

வேம்புலி மெஷினை நிறுத்தினான். கன்னியம்மா பீஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அதைத் தசரதனின் உள்ளங்கையில் வைத்தாள்.

"சூடு கீதா சார்?"

"கீது. அதுக்கின்னா இப்ப?"

"இப்பத்தான் அறுத்து வந்த பீஸு. சூடே ஆறல. அதுக்குள்ள எப்டி சார் துரு புடிக்கும்?"

அவள் வருகைப் பதிவேட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து மேசையில் வைத்துப் படம் எடுத்தாள். தாளும் செம்மண் நிறத்தில்தான் வந்தது. டேப்லெட்டைத் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடி வட்டத்தின் மேல் மெல்லிய சிவப்புப் பூச்சு. விரலால் தொட்டு முகர்ந்தாள்.

"குங்குமம்" என்றாள்.

வேம்புலிக்கு அடக்க முடியவில்லை. "மொதலாளி கண்ணுலயே பொட்டு வச்சிட்டாரு டோய்!"

தசரதன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். கன்னியம்மா தன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும் துணியை எடுத்து லென்ஸைத் துடைத்தாள். அடுத்த படத்தில் பள்ளம் வெள்ளியாக மின்னியது. மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அதோடு விஷயம் முடிந்திருக்கலாம்.

"அந்த மூணு போட்டோவையும், பேப்பர் போட்டோவையும் தூக்கிடுங்க்கா" என்றான் இளங்கோ.

"எதுக்கு? குறிப்பு போட்டுட்டேன். கேமராவுல குங்குமம், பீஸ் சரி, மறுபடி எடுத்த படம் அடுத்தது."

"குங்குமம்னு எழுதுனியா?" தசரதன் திரும்பினார். "படிச்ச பொண்ணு வருது. நம்மள இன்னானு நெனைக்கும்? அழிச்சுடு."

"சார், இதுல ஒன்னக்கூட நான் அழிச்சதில்ல. இன்னிக்கு நாலு தூக்குனா, மிச்ச அறுநூறையும் யாரு நம்புவா?"

"இப்ப நீ எனக்குப் பாடம் நடத்துறியா?"

"இல்ல சார்."

"அப்ப அழி."

அவள் அழிக்கவில்லை. பூட்டை எடுத்துவிட்டு டேப்லெட்டை மேசை மேல் வைத்தாள். "நீங்க வேணா அழிச்சுக்குங்க சார். நான் பண்ண மாட்டேன்."

தசரதன் டேப்லெட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவரும் தொடவில்லை. "இளங்கோ, நீயே காட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கன்னியம்மா பிசிறு எடுக்கும் மேசையில் உட்கார்ந்து அரத்தைக் கையிலெடுத்தாள். அரம் பிடிப்பது குறைந்த இந்த நான்கு மாதத்தில் கை கொஞ்சம் மெத்தென்று ஆகியிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

கம்பெனியிலிருந்து கிருஷ்ணப்பிரியா பதினொன்றே காலுக்கு வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். பையைக் கீழே வைக்காமலேயே வேலையைத் தொடங்கினாள். இளங்கோ டிராயிங்கைக் காட்டினான், திரையைப் பிரித்துக் காட்டினான். பேச்சும் நன்றாகவே இருந்தது. அவள் படங்களைக் கடைசியிலிருந்து பின்னோக்கித் தள்ளிக்கொண்டே வந்தாள். விரல் நின்றது.

"இது என்ன சிவப்பா இருக்கு? இன்னைக்கு எடுத்ததா?"

"அது... லைட்டிங் ப்ராப்ளம் மேடம்."

"இங்க குங்குமம்னு எழுதியிருக்கே?"

இளங்கோ மாமாவைப் பார்த்தான். தசரதன் தொண்டையைக் கனைத்தார். மெஷின் சத்தத்துக்கு மேல் மேசையிலிருந்து குரல் வந்தது.

"குங்குமந்தாங்க. பூஜைல வச்சது. காலைல துருன்னு நெனச்சு மெஷின நிறுத்திட்டோம். அடுத்த படம் வெள்ளத் தாளு, பாருங்க. அதுவும் சிவப்பாத்தான் கீது."

கிருஷ்ணப்பிரியா தாளின் படத்தைப் பார்த்தாள். அதற்கடுத்த, துடைத்தபின் எடுத்த படத்தையும் பார்த்தாள். பிறகு மேசைப் பக்கம் நடந்தாள்.

"இதெல்லாம் எடுத்தது நீங்களா?"

"ஆமாங்க."

"அழிச்சிருக்கலாமே. எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியுங்களே."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. தன் பையிலிருந்து ஒரு புஷ்ஷை எடுத்து நீட்டினாள். "போன மாசம் வந்த லாட்ல இருந்து எடுத்தேன். இதுல என்ன?"

கன்னியம்மா அரத்தைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு புஷ்ஷை வாங்கி, சுண்டுவிரல் நகத்தை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"உள் பள்ளத்துல, கீழ் ஓரத்துல பிசிறு. ஒரே எடத்துலதான். டூல் முனை உடஞ்சிகீது."

"எப்படித் தெரியும்?"

அவள் டேப்லெட்டுக்குக் கை நீட்டினாள். இளங்கோ கொடுத்தான். தேடும் இடத்தில் 'பள்ளம் பிசிறு' என்று தட்டினாள். ஐந்து படங்கள் வரிசையாக வந்தன. ஜூலையில் மூன்று, ஆகஸ்டில் ஒன்று, செப்டம்பர் ஒன்பதாம் தேதி ஒன்று. ஒவ்வொன்றிலும் எந்த மெஷின், எத்தனையாவது பீஸில் கண்டது, டூல் முனை மாற்றியது எப்போது என்று இருந்தது. செப்டம்பர் ஒன்பதின் படத்தையும் கையிலிருந்த புஷ்ஷையும் அருகருகே பிடித்தாள்.

"அன்னிக்கு முப்பத்தாறு பீஸு தனியா எடுத்தோம். இது முப்பத்தேழாவது போல. எங்கிட்டேர்ந்து தப்பிச்சு உங்க கிட்ட வந்துகீது. தப்புதாங்க. இதையும் போட்டு வைக்கட்டா?"

தசரதன் கண்களை மூடிக்கொண்டார்.

"போடுங்க" என்றாள் கிருஷ்ணப்பிரியா. "எங்களுக்குப் பொருள் அனுப்புற இடம் இருபத்திரண்டு. எல்லா இடத்துலயும் டேப்லெட் வாங்கிட்டாங்க. எல்லாத்துலயும் படம் பளிச்சுனு இருக்கு, ஒண்ணுலயும் கோளாறே இல்ல. கோளாறு எங்க லைனுக்கு வந்தப்புறம்தான் எனக்குத் தெரியுது." தசரதன் பக்கம் திரும்பினாள். "சார், இன்ஸ்பெக்டர் பேரு என்ன?"

"இளங்..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். கூடத்தில் மெஷினை நிறுத்திவிட்டு வேம்புலி நின்றுகொண்டிருந்தான். துளையிடும் மெஷின்காரரும் திரும்பியிருந்தார். தசரதன் நிமிர்ந்து நின்றார். "கன்னியம்மா" என்றார், கொஞ்சம் சத்தமாக. "எங்க கன்னியம்மாதான் மேடம். பன்னெண்டு வருசமா இங்கதான் கீறாங்க."

படிவத்தைத் திரையில் திறந்து அவளிடமே கொடுத்தாள் அந்தப் பெண். பரிசோதகர் என்ற கட்டத்தில் கன்னியம்மா தட்டவில்லை, பேசவில்லை. திரையில் எழுதும் கோலை எடுத்து விரலுக்கிடையில் சரியாகப் பிடித்து, தமிழில் எழுதினாள்: து. கன்னியம்மா. 'து' அப்பா துலுக்கானத்தின் முதலெழுத்து. நெமிலிச்சேரிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர் அவர். எங்கே கையெழுத்துக் கேட்டாலும் கட்டைவிரலை நீட்டியவர். 'து'வின் சுழி கொஞ்சம் பெரிதாக வந்தது. அவள் அதைத் திருத்தவில்லை.

கார் கிளம்பியதும் இளங்கோ அவளிடம் வந்தான். "அந்தத் தேடுறது எப்டிக்கா? பேரு வைக்கிறதுக்கு ஏதாச்சும் முறை கீதா?"

"கீது. சாப்ட்டு வா, சொல்றேன்."

வேம்புலி மெஷினில் சாய்ந்துகொண்டு கூவினான். "இன்ஸ்பெக்டர் மேடம்! அடுத்த செட்டிங் போட்டுட்டேன். ஓட்டட்டா வேணாமா?"

"மொதல் பீஸ எடுத்துக்கினு வாடா. அப்புறம் பேசு."

தசரதன் தன் அறை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். டேப்லெட்டை இனி தன் அறைப் பீரோவில் பத்திரமாக வைக்கலாம் என்று சொல்லத்தான் பீரோ சாவியோடு வந்திருந்தார்.

"அது பீஸ் வர்ற எடத்துலதான் இருக்கணும் சார்" என்றாள் கன்னியம்மா, அவர் வாயைத் திறக்கும் முன்பே.

அவர் உள்ளே போனார். சார்ஜரையும் ஒயரையும் கையில் சுற்றிக்கொண்டு வந்து அவள் மேசையில் வைத்துவிட்டு, எலக்ட்ரீசியனுக்கு போன் போட்டு, மேசைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பிளக் பாயின்ட் அடிக்கச் சொன்னார்.