பூனை ஒண்ணு போடாது

தெருவில் அவளுக்கு வைத்திருந்த பெயர் கொலைகார அக்கா. வாரம் ஒரு அத்தியாயம், அத்தியாயத்துக்கு ஒரு பிணம் என்று பதினெட்டு வருஷமாகத் துப்பறியும் தொடர்கதை எழுதுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது யாராவது காதோரம் வந்து, "அக்கா, கொலை பண்ணது யாரு? எனக்கு மட்டும் சொல்லுங்க" என்பார்கள். அவளும் அதே ரகசியக் குரலில், "எனக்கே இன்னும் தெரியாதும்மா" என்பாள். ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை.

காலம் அப்போது சரியில்லை. ஐந்து பேர் சேர்ந்து நிற்கக் கூடாது. தணிக்கை அலுவலகத்தின் முத்திரை இல்லாமல் ஒரு துண்டுச் சீட்டுகூட அச்சாகக் கூடாது. துப்பறியும் கதைக்கு இதைவிடக் கேடுகாலம் உண்டா? கதையில் யாரும் தொலைந்துபோகக் கூடாது. 'காணவில்லை' என்ற சொல்லே தடைப் பட்டியலில் இருந்தது. போலீஸ்காரர் முட்டாளாக இருக்கக் கூடாது. கொலையாளி அதிகாரியாகவோ டாக்டராகவோ வக்கீலாகவோ இருந்தால் அந்தந்தச் சங்கத்தார் மனம் புண்படும். இப்படிக் கழித்துக்கொண்டே வந்ததில், சந்தேகப்பட மிஞ்சியவர் குடை ரிப்பேர்காரர் ஒருவர்தான். அந்தப் பாவப்பட்ட மனுஷனுக்கு மட்டும் சங்கம் கிடையாது. அக்கா அவரைக் கூண்டில் ஏற்றுவதும் இறக்குவதுமாகப் பதிமூன்று அத்தியாயம் ஓட்டிவிட்டாள்.

இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே சமாளிப்பாள். சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. அவள் தம்பி உள்ளே இருந்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். யாரோ நீட்டிய மனுவில் எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டான். கையெழுத்துப் போட்ட அத்தனை பேரையும் ஒரே நாளில் அள்ளிக்கொண்டு போனார்கள். அப்போது அவன் மனைவிக்கு மூன்று மாதம். ஆரம்பத்தில் மாதம் ஒரு தடவை பார்க்க விட்டார்கள். கடைசியாகப் பார்த்த அன்று, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவன் சொன்னான்:

"அக்கா, உன் தொடர் உள்ள வருது. பேப்பர் கிடையாது, ரேடியோ கிடையாது. உன் பத்திரிகையை மட்டும் வெறும் பொழுதுபோக்குன்னு விட்டுடறாங்க. எங்க வார்டுல இருபத்திரண்டு பேர். தபால்காரர் ஒருத்தர் இருக்கார், அவர்தான் சத்தமா வாசிப்பார். ஒரு ஈ காக்கா சத்தம் போடக் கூடாது." பிறகு அவன் குரல் இறங்கியது. "பூனை எப்படி இருக்கா?"

பூனை என்றது அவன் மனைவியை. வெயில் விழுகிற இடமாகப் பார்த்துச் சுருண்டு தூங்குகிறாள் என்று கல்யாணமான புதிதில் அவன் வைத்த பெயர். வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது.

அடுத்த வாரமே பார்வை நேரத்தை ரத்து செய்தார்கள். கடிதமும் போகாது, வராது. அக்கா ஒரு நாள் முழுக்கத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். மறுநாள் எழுதிய நான்காம் அத்தியாயத்தில், துப்பறியும் நிபுணர் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாள் திடீரென்று ஒரு பூனை வளர்க்கத் தொடங்கினாள். அது வெயிலில் தூங்கியது. வயிறு பெருத்திருந்தது. ஏழாம் அத்தியாயத்தில் பூனைக்குக் கால் வீங்கியது, ஒன்பதாவதில் வீக்கம் வடிந்தது. பதினொன்றாவதில் அது எலுமிச்சம்பழத்துக்கு அடம்பிடித்தது. 'பூனை எலுமிச்சம்பழம் தின்னுமா?' என்று ஒரு வாசகர் கோபமாகக் கடிதம் போட்டார். அக்கா கண்டுகொள்ளவே இல்லை. கதையைப் படிக்க வேண்டியவனுக்குப் புரிந்தால் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தை பிறந்தது. பெண். மூன்று கிலோ. அழுத அழுகையில் ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. திங்கட்கிழமை உட்கார்ந்து பதினான்காம் அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதினாள். குடை ரிப்பேர்காரரை விசாரித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் அந்த வரிகள் வந்தன: 'ஞாயிறு காலை பூனை ஒரே ஒரு குட்டி போட்டது. பெண் குட்டி. தாயும் பிள்ளையும் சுகம்.'

செவ்வாய்க்கிழமை தணிக்கை அலுவலகம், மூன்றாவது மாடி. அங்கே இருந்த அதிகாரியைப் பத்திரிகைக்காரர்கள் சிவப்புப் பென்சில் என்பார்கள். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு, தாளை மூக்கோடு ஒட்டிவைத்துப் படிக்கிறவர். கழுத்தை நெரிப்பது, கத்தியால் குத்துவது எதையும் அவர் தொட மாட்டார். அன்றைக்குப் பென்சில் பாதிப் பக்கத்தில் நின்றது.

"இது என்னம்மா?"

அக்கா எட்டிப் பார்த்தாள். "பூனை சார்."

"அது தெரியுது. ஒரே குட்டியா?"

"ஆமா சார்."

"பூனை ஒண்ணு போடாதும்மா."

"சில பூனை போடும் சார்."

"எந்தப் பூனை?" என்று கேட்டு நிமிர்ந்தார். "மூணு போடும், நாலு போடும். ஜனங்க படிக்கிற பத்திரிகை. தப்பான தகவல் போகக் கூடாது" என்றபடி 'ஒரே ஒரு குட்டி' என்பதை அடித்துவிட்டு 'மூன்று குட்டிகள்' என்று திருத்தினார். அதோடு விட்டாரா? ஒருமை பன்மை இடிக்கக் கூடாது என்று 'மூன்றும் பெண்' என்றும் 'தாயும் பிள்ளைகளும்' என்றும் பொறுப்பாக மாற்றி, முத்திரையைக் குத்தினார். குத்திய பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. மாற்றினால் பத்திரிகையை இழுத்து மூடிவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை இதழ் வந்தது. பூனை அதைப் படுக்கையில் சாய்ந்தபடி படித்தாள். "மூணா? நான் எப்ப அண்ணி மூணு பெத்தேன்?" என்று சிரித்தாள். "ஐயோ, தையல் பிரிஞ்சிடும், சிரிக்க வைக்காதீங்க!" அக்காவும் சேர்ந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் பூனை முகம் மாறியது.

"அவர் இப்ப உட்கார்ந்து கணக்குப் போட்டுட்டிருப்பார் அண்ணி. பிள்ளைங்களைச் சுற்றுலா கூட்டிட்டுப் போனா நாப்பது தடவை எண்ணிப் பாக்கற மனுஷன். நான் தனியா மூணை வச்சுக்கிட்டு அல்லாடறேன்னு நினைச்சு உருகிடுவார். எப்படியாவது ஒண்ணுதான்னு சொல்லிடுங்க."

பதினெட்டு வருஷத்தில் தொள்ளாயிரம் பேரையாவது தயங்காமல் தீர்த்துக்கட்டியவள், இரண்டு பூனைக்குட்டிகளை என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தாள். கொல்ல முடியாது, படிக்கிறவன் தாங்க மாட்டான். யாருக்கும் தூக்கிக் கொடுக்கவும் முடியாது. பெற்றவள் பிள்ளையைக் கொடுத்துவிட்டாள் என்று நினைப்பான். கடைசியில், அந்த இரண்டும் பக்கத்து வீட்டுப் பூனையின் குட்டிகள், வழிதவறி வந்தவை, அவற்றைத் திருப்பி விட்டாயிற்று என்று பதினைந்தாம் அத்தியாயத்தில் எழுதிக்கொண்டு போனாள்.

சிவப்புப் பென்சில் அந்தப் பத்தியை அப்படியே அடித்தார். "தாய்கிட்டேருந்து பிள்ளையைப் பிரிக்கிறதா? 'பிரிவு' பட்டியல்ல இருக்கு, தெரியுமில்ல?"

"அது வேற பிரிவு சார்."

"எந்தப் பிரிவா இருந்தா என்ன, பிரிவு பிரிவுதான்."

அப்போதுதான் அக்கா பார்த்தாள். அவர் கால்சட்டையில் முழங்கால்வரை வெள்ளை வெள்ளையாக முடி. மேஜையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு வெள்ளைப் பூனையும் நான்கு குட்டிகளும். துப்பறியும் கதை எழுதுகிறவளுக்கு இத்தனை நாளும் இது கண்ணில் படவில்லையே என்று அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. அந்த வாரம் முழுக்க மூன்று குட்டிகளும் மூன்றாகவே இருந்தன.

அதற்கடுத்த திங்கட்கிழமை, தலை வாரிக்கொண்டிருந்தபோது வழி பிறந்தது. அவள் அலங்கார மேஜையில் புத்தகம்போல மடியும் இரண்டு கண்ணாடிகள். நடுவில் நிஜ அக்கா, இரண்டு பக்கமும் இரண்டு அக்கா. சீப்பை வீசிவிட்டு எழுத உட்கார்ந்தாள். வீட்டுக்கார அம்மாளுக்குக் கண் மங்கல். குட்டி படுத்திருந்தது மடிப்புக் கண்ணாடிக்கு முன்னால். துப்பறியும் நிபுணர் அறைக்குள் வருகிறார், பார்க்கிறார், புன்னகைக்கிறார்: 'அம்மா, இங்கே இருப்பது ஒன்றுதான். மற்ற இரண்டும் பிம்பம்.'

சிவப்புப் பென்சில் இரண்டு தடவை படித்தார். முகம் தொங்கிப்போயிற்று. "அப்ப ஒண்ணுதானா?"

"அந்தம்மா தப்பா எண்ணிட்டாங்க சார். பூனை மேல தப்பில்லை."

சட்டப்படி அடிக்க ஒன்றும் இல்லை. மனசே இல்லாமல் முத்திரை குத்தினார். அக்கா மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கி வீட்டுக்கு வந்து, பூனையைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

புதன்கிழமை மதியம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால், தம்பி. பாதி ஆளாக இளைத்து, கையில் ஒரு துணிப்பையோடு நின்றான். முதல் பட்டியல் என்று சிலரை விட்டிருக்கிறார்கள். அவன் வார்டில் ஐந்து பேர். அவன் நேராக உள்ளே போய், பூனையின் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகு தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தான். கட்டிலைப் பார்த்தான். கதவுக்குப் பின்னாலும் பார்த்தான்.

"மத்த ரெண்டும் எங்க?"

பூனை அழுதுகொண்டே சிரித்தாள். அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். ஆளுக்குப் பாதியாக நடந்ததைச் சொல்லி முடித்தார்கள். கணக்கு வாத்தியார் வாயைப் பிளந்தபடி கேட்டான். பிறகு பையைத் திறந்து, சிறைத் தையல் கூடத்து மிச்சத் துணியில் தைத்த மூன்று குல்லாய்களை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தான். அளவு தெரியாததால் ஒன்று சின்னது, ஒன்று நடுத்தரம், ஒன்று பெரியவர்கள் தலைக்கே சேரும்.

"மூணுன்னு வந்த அன்னிக்கு வார்டே ஆடிப்போச்சு அக்கா" என்றான், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு. "முதல்ல எனக்கு உதறல்தான். மத்தவங்க விட்டாத்தானே! பேர் வைக்கிறதுல அடிதடி. கடைசியில வார்டையே மூணாப் பிரிச்சு, ஆளுக்கொரு பிள்ளைன்னு எடுத்துக்கிட்டோம். தபால்காரர் சின்னவளோட கட்சி. வெள்ளிக்கிழமை வந்தா யார் பிள்ளை என்ன பண்ணிச்சுன்னு அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்போம். இன்னிக்குக் காலையில கிளம்பறப்ப அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'வாத்தியாரே, பெரியவளை நீங்க பாத்துக்குங்க. மத்த ரெண்டு பேரை நாங்க பாத்துக்கறோம்'னார். அவர் சொந்தப் பொண்ணைப் பாத்து ஒரு வருஷமாச்சு."

அக்கா எண்ணிப் பார்த்தாள். இருபத்திரண்டில் ஐந்து போனால் பதினேழு பேர். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. தபால்காரர் அந்த வரியைச் சத்தமாக வாசிப்பார். 'மற்ற இரண்டும் பிம்பம்.'

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றே முக்கால். மூன்று மணிக்கு அச்சு இயந்திரம் ஓடும். காலில் ஒன்று அவள் செருப்பு, ஒன்று பூனையின் செருப்பு என்று போட்டுக்கொண்டு அக்கா ஓடினாள்.

அச்சகத்தில் பத்திரிகை ஆசிரியர் வயிற்றெரிச்சல் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டே, "முத்திரை இல்லாம ஒரு எழுத்துக்கூட மாத்த மாட்டேன், என்னைக் கொன்னாலும் சரி" என்றார். அவளிடம் போய் அப்படிச் சொல்லலாமா! அக்கா அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே, மெய்ப்புத் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். அடுத்த தெருவுக்கு ஓடி மூன்று மாடி ஏறினாள்.

சிவப்புப் பென்சில் சாப்பிட்ட டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். "என்னம்மா, நேத்துதானே குத்தினேன்?"

"தப்பு பண்ணிட்டேன் சார்" என்றாள், மூச்சிரைக்க. "கண்ணாடிதான் பொய். மூணும் நிஜம்."

அவர் ஈரக் கையைத் துடைத்துவிட்டுத் தாளை மூக்கருகே கொண்டுபோனார். நிபுணர் சந்தேகம் தீரக் கண்ணாடியை மூடிப் பார்க்கிறார். மூடிய பிறகும் மூன்று குட்டிகள். மூன்றும் கண் திறந்துவிட்டன. பெரியது வெயிலில் போய்ப் படுத்துக்கொண்டது. மற்ற இரண்டும் வாசற்கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன, இன்னும் வர வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்று.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நான்தான் அப்பவே சொன்னேனே. பூனை ஒண்ணு போடாது" என்று ஒன்றுக்கு இரண்டாக முத்திரை குத்தினார்.

மூன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது தாள் அச்சகத்துக்கு வந்தது. இயந்திரம் ஓடத் தொடங்கும்வரை நின்று பார்த்துவிட்டு, அக்கா ஜோடி சேராத செருப்போடு நிதானமாக வீட்டுக்கு நடந்தாள். வழியில் யாரோ கொலையாளி யார் என்று கேட்டார்கள். குடை ரிப்பேர்காரர் இல்லை என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

வீட்டில் குழந்தை, பெரிய குல்லாய் மூக்குவரை இறங்க, அப்பன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. எங்கே அக்கா ஓடினாள் என்று தெரியாமல் தம்பி பதறிப்போயிருந்தான்.

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லடா" என்றாள் அக்கா. "மூணும் சுகம்."