வெள்ளை நிழல்

அணுகுண்டைச் சோதித்த பொட்டலில், ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவே மேல்மண்ணைச் சுரண்டி அள்ளியவர்கள் நாங்கள். நானும் என் மச்சினனும் ஒரே கும்பல். வெகுகாலம் கழித்து ஓர் ஓவியக்காரம்மா எங்களைத் தேடி வந்தார். மருந்து தடவிய துணியில் ஏறி வெயிலில் படுக்க வேண்டும். அலசினால் துணி நீலமாகிவிடும். உடம்பு மறைத்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். அந்த நிழல்களைக் கண்காட்சியில் தொங்கவிடப் போகிறாராம்.

முதலில் கூப்பிட்டது மச்சினனை. எனக்கு வயிறு எரிந்தது. அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். என் மனைவிக்கோ தலைகால் புரியவில்லை.

"என் தம்பிக்கு ராஜா களை. அதான் அவனைக் கூப்பிட்டாங்க."

"ஆமா, மேஸ்திரிக்குக் கூஜா தூக்குன ராஜா."

"உங்களுக்குப் பொறாமை."

பொறாமைதான். அதற்கென்ன?

அவன் மல்லாந்து படுத்து, கைகளை விரித்து, விரல்களைக்கூடப் பிரித்து வைத்துக்கொண்டான். கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருப்பான். அவனைவிட அகலமாக விரிப்பது என்று நான் முடிவு செய்திருந்தேன். என் முறை வந்து துணியில் கால் வைத்ததும் அந்த அம்மா, "படுங்க!" என்று சத்தமாகச் சொன்னார். அவ்வளவுதான். பொட்டலில் வெடிக்கு முன்னால் சங்கு ஊதினால் எப்படி விழுவோமோ, அப்படியே குப்புற விழுந்து, கைகளை வயிற்றுக்கு அடியில் செருகி, கண்ணை இறுக்கிக்கொண்டேன். கையை விரிக்க வேண்டும் என்ற நினைவு வந்தபோது அசைய முடியாது. அசைந்தால் துணி கெட்டுப்போகும்.

அலசிக் காயப்போட்டபோது மச்சினன் பறக்கப் போகிறவன் மாதிரி இருந்தான். நான் கையில்லாத ஒரு மூட்டை.

"மாமா, சிமெண்டுனு நெனச்சு யாராவது தூக்கிட்டுப் போயிடப் போறாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

கண்காட்சியில் என் மனைவி தம்பியின் துணி முன்னால் நின்று மெச்சிக்கொண்டே இருந்தாள். என்னுடையதைப் பார்க்காமல் போனால் போதும் என்றிருந்தது. வந்துவிட்டாள். சிரிக்கவில்லை.

"இது நீங்கதானே? இப்பிடித்தானே தூங்குறீங்க. கை மரத்துப்போயி எந்திரிப்பீங்க. நான்தானே தேய்ச்சு விடுறேன்."

அத்தனை பேர் முன்னால் என் தோளில் கை வைத்தாள். வயிற்றெரிச்சல் அப்போதுதான் அடங்கியது. மச்சினனை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவன் முகம் சுண்டிப்போயிருந்தது.

"நானும் அப்பிடித்தான்க்கா தூங்குறேன்," என்றான். "தேய்ச்சுவிட ஆளில்ல."

என் தோளிலிருந்த கை போய்விட்டது. அவள் அவன் விரல்களைப் பிடித்து, அங்கேயே தேய்க்க ஆரம்பித்தாள்.

பாவிப் பயல், அதையும் வாங்கிக்கொண்டான்.