இருநூறாவது வீடு

"மிக்ஸியை நிறுத்து. டாக்டர் எழுதறான்."

மாமியார் சமையலறை வாசலில் நின்று சொன்னார். மருமகள் நிறுத்தினாள். அடுத்த நொடியே குக்கர் விசிலடித்தது. அதற்கு யார் எடுத்துச் சொல்வது? மாமியார் கரண்டியால் அதை அமுக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டார்.

டாக்டர் பட்டம் இன்னும் வந்தபாடில்லை. ஆனால் மகன் பயன்பாட்டுப் பொருளியலில் முனைவர் படிப்புக்குப் பதிவு செய்த அன்றே அம்மா அவனை டாக்டராக்கிவிட்டார். எதிர்வீட்டுக்காரர் அதை நம்பி, முட்டிவலிக்கு மாத்திரை கேட்டு வந்தது தனிக்கதை.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்தது என்ன என்பதுதான் வேடிக்கை. 'சம்பளமில்லாத வீட்டு வேலையின் பொருளாதார மதிப்பு.' இருநூறு வீடுகளுக்கு இருநூறு படிவங்கள். அந்த வீட்டுப் பெண்ணின் ஒரு நாளை அரை மணி அரை மணியாக நாற்பத்தெட்டுக் கட்டங்களில் எழுத வேண்டும். சமையலுக்கு எண் ஒன்று, சுத்தம் செய்வதற்கு இரண்டு என்று போய், ஒன்பது என்றால் ஓய்வு. இவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது மனைவியின் பொறுப்பு. மதியம் இரண்டிலிருந்து நான்குவரை, மாமியார் தூங்கும் நேரத்தில் செய்வாள்.

அவளுக்கு இது புதிய வேலையல்ல. அதே துறையில் முனைவர் படிப்பின் இரண்டாம் ஆண்டுவரை போனவள். கல்யாணம் முடிந்ததும், "ஒரே வீட்டுல ரெண்டு பேரும் எழுத உக்காந்தா அடுப்பை யார் பாக்கறது?" என்று மாமியார் கேட்டார். கேட்டது பொதுவாகத்தான், எல்லாருடைய பார்வையும் அவள் பக்கம் திரும்பியது. "முதல்ல நான் முடிச்சிடறேன், அப்புறம் நீ" என்றான் கணவன். ஐந்து வருடத்துக்குள் மறுபதிவு செய்யாவிட்டால் அவள் இடம் போய்விடும். ஐந்தாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மதியம் கடைசிப் படிவம் கைக்கு வந்தது. எண் இருநூறு. மூன்று பேர் உள்ள வீடு, அதில் ஒருவர் சர்க்கரை நோயுள்ள முதியவர். எழுத்து கணவனுடையது. குடும்பத் தலைவியின் தொழில்: ஒன்றுமில்லை. காலை பத்து முதல் பன்னிரண்டுவரை ஒன்பது. மதியம் இரண்டு முதல் நான்குவரை, அதாவது அவனுக்காக அவள் தட்டச்சு செய்கிற இதே நேரத்துக்கும், ஒன்பது. மாலையிலும் ஆறு கட்டங்களில் ஒன்பது. கூட்டிப் பார்த்தாள். ஏழு மணி நேர ஓய்வு. தூக்கம் தனி.

படிவத்தோடு அவன் மேசைக்குப் போனாள்.

"இது நம்ம வீடா?"

"ஆமா. நூத்தித் தொண்ணூத்தொம்பதுதான் தேறிச்சு. ஒண்ணு குறைஞ்சுது, நம்ம வீட்டையே போட்டுட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே."

"கேக்கத்தான் வந்தேன். நீ வேலையா இருந்தே. எதுக்குத் தொந்தரவுன்னு நானே எழுதிட்டேன்."

உண்மையான கரிசனத்தோடுதான் சொன்னான். அவள் வேலையாக இருந்ததால் கேட்கவில்லை. கேட்காததால் ஓய்வு என்று எழுதினான். இதில் எங்கே இடறுகிறது என்று அந்த ஆராய்ச்சியாளனுக்குத் தெரியவில்லை.

"தப்பா இருக்குங்க."

"ஒரு வீடுதானே, விடு. சராசரியில காணாமப் போயிடும்."

அவள் திரும்பிப் போய் இருந்ததை இருந்தபடியே ஏற்றினாள். படிவத்தில் உள்ளதை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்பது அவள் அந்தத் துறையில் படித்த முதல் பாடம்.

எட்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை அவனுக்கு வாய்மொழித் தேர்வு. அடுத்த திங்கட்கிழமை அவளுடைய மறுபதிவுக்குக் கடைசி நாள். "ஒரு வீட்டுக்கு ஒரு டாக்டர் போதாதா?" என்று மாமியார் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தார். குடும்பம் முதல் வரிசையில் உட்கார்ந்தது.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஓர் அம்மாள். மூலப் படிவங்களையே வரவழைத்து வைத்திருந்தார்.

"மத்த வீட்டுல எல்லாம் ஓய்வு ரெண்டு மணி நேரத்தைத் தாண்டலை. இருநூறாவது வீட்டுல மட்டும் ஏழு. முகவரி உங்க முகவரியாச்சே. உங்க மனைவிக்கு உடம்பு சரியில்லையா?"

"இல்லை மேடம். நல்லாத்தான் இருக்காங்க."

"அப்போ வீட்டு வேலையை யார் செய்யறாங்க? ஆள் வெச்சிருக்கீங்களா?"

கணவன் தண்ணீர் குடித்தான். பிள்ளை திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அம்மா எழுந்துவிட்டார். வீட்டு மானமாயிற்றே.

"வேலைக்கு ஆள் வெக்கிற பழக்கமே எங்களுக்குக் கிடையாதுங்க. காலையில அஞ்சு மணிக்கு எழுந்தா எல்லாம் மருமகதான். ஒரு நிமிஷம் உக்கார மாட்டா. இவனுக்குக் கம்ப்யூட்டர்ல அடிச்சுக் குடுக்கறதும் அவதான்."

ஐந்து வருடத்தில் மருமகளுக்குக் கிடைத்த முதல் நற்சான்றிதழ் அது. அரங்கம் சிரித்தது. தேர்வாளர் சிரிக்கவில்லை. பட்டத்துக்குப் பரிந்துரை செய்தார், ஒரு நிபந்தனையோடு. பழைய படிவம் ஒரு திங்கட்கிழமையைப் பற்றியது. வருகிற திங்கட்கிழமைக்கு அந்தப் பெண்ணே நிரப்பிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். யானையே போய்விட்டது, வால்தானே என்று கணவன் மனதைத் தேற்றிக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை அவள் அவனுடைய மேசையில் படிவத்தோடு உட்கார்ந்தாள்.

"சமையல் ஆகலையா?" என்றான்.

"ஒம்பது மணிக்கு நான் துறையில இருக்கணும். மறுபதிவுக்கு இன்னைக்குத்தான் கடைசி."

"இன்னைக்குன்னு பாத்தா? சரி, போயிட்டு வா. ஆனா சமையல்னு ஒரு நாலு கட்டம் போட்டுடு."

"செய்யாததை எப்படிங்க எழுதறது? மறுபடியும் கூப்பிட்டுக் கேப்பாங்க."

அவன் சமையலறைக்குள் போனான். ஏதோ விழுந்தது, ஏதோ உருண்டது. கடைசியில் குக்கர் விசிலடித்தது.

உள்ளறையிலிருந்து மாமியார் பழக்கதோஷத்தில் குரல் கொடுத்தார்: "அந்த விசிலை நிறுத்து. டாக்டர் எழுதறான்."

டாக்டர் அடுப்பருகே கரண்டியோடு விழித்துக்கொண்டிருந்தான்.

அவள் எழுந்திருக்கவில்லை. ஏழு முதல் ஏழரைவரை உள்ள கட்டத்தில் ஒன்பது என்று எழுதினாள். படிவத்தின் அடியில் 'கணவரின் பங்கு' என்று ஒரு வரி உண்டு. நூற்றுத் தொண்ணூற்றொன்பது வீடுகளிலும் அது பூஜ்யம். அந்த வரியில் 'ஒன்று (சமையல்), அரை மணி' என்று எழுதினாள்.

இருநூறாவது வீடு இப்போதும் மற்ற வீடுகளோடு ஒத்துப்போகவில்லை. இம்முறை அதில் யாரும் பொய் எழுதவில்லை.