டம்ளருக்குள் ப்ளக்

பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவருக்குப் பழைய ரேடியோ பழுதுபார்க்கும் பைத்தியம் பிடித்தபோது, நர்ஸ் வேலை பார்க்கும் மனைவி ஒரே ஒரு சட்டம் போட்டாள். ரேடியோவைத் திறக்குமுன் ப்ளக்கைப் பிடுங்கி, மேசைமேல் இருக்கும் காலி டம்ளரில் போட்டுவிட வேண்டும். அதைக் கண்ணால் பார்த்தால்தான் அவளுக்கு நிம்மதி. "ஒரு தடவை ஷாக் அடிச்சாலும் அத்தனையும் பழைய சாமான் கடைக்குத்தான்" என்றும் சொல்லி வைத்திருந்தாள். சொன்னால் செய்கிற ஆள்.

நேற்று அடித்துவிட்டது. அதுவும் ப்ளக் சமர்த்தாக டம்ளரில் கிடந்தபோதே. ப்ளக்கைப் பிடுங்கினாலும் உள்ளேயிருக்கும் கெப்பாசிட்டர் மின்சாரத்தை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருக்கும் என்பதை, உதறல் எடுத்த கையோடு கடைக்கு ஓடிப்போய்க் கேட்டுக்கொண்டார். அதை இறக்குவதற்கு ரெசிஸ்டர் வைத்த வயர் ஒன்றும் வாங்கிவந்தார். கை ஏன் நடுங்குகிறது என்று மனைவி கேட்டதற்கு மட்டும், "வயசாச்சுல்ல" என்று வாய் கூசாமல் சொன்னார். பாவம், அவள் முகம் செத்துப்போயிற்று.

இன்று மாலை, திறந்த ரேடியோவை ஓடவிட்டுப் பார்த்தவர், ப்ளக்கைப் பிடுங்கி டம்ளரில் போட்டுவிட்டு முகம் கழுவப் போனார். திரும்பி வந்தால், மனைவி டம்ளரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஈரத்துணியோடு ரேடியோவின் வயிற்றுக்குள் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். தூசி துடைக்கிறாளாம்!

"தொடாதே!"

பஸ்ஸில்கூட அவர் அப்படிக் கத்தியதில்லை. துணி கீழே விழுந்தது.

"ப்ளக்தான் டம்ளர்ல இருக்கே?"

"இருந்தாலும் அடிக்கும். நேத்து எனக்கு அடிச்சுது."

"அப்ப அந்தக் கை நடுக்கம்?"

"அதனாலதான்."

"நரம்பு டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வச்சிருக்கேன். ராத்திரி பூரா கண்ண மூடல நான்."

அவர் ரெசிஸ்டர் வயரை வைத்து மின்சாரத்தை இறக்கி, மீட்டரில் முள் பூஜ்யத்துக்கு வந்ததை அவளுக்குக் காட்டினார். பிறகு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"எங்க?"

"பழைய சாமான் கடைக்கு. நீதானே சொன்னே?"

"பொய் சொன்னது ரேடியோவா?" என்றாள். "கீழ வைங்க. இனிமே அந்த முள்ள என்கிட்ட காட்டிட்டுத்தான் உள்ள கை வைக்கணும். டாக்டர்கிட்டயும் போறோம். ஷாக் அடிச்ச உடம்பு."

அவர் வைத்தார். அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். பார்த்து முடித்த பிறகும் கையை விடவில்லை.